வீட்டில் ஒலிப்பதிவு: பதிவு மென்பொருளா, சிந்தசைசர் மென்பொருளா?

காற்றில் எழுந்த பாட்டு காற்றிலேயே கலந்து மறைந்துவிடும் என்பது 1877ஆம் ஆண்டு வரையில் மாற்ற முடியாத உண்மையாக இருந்து வந்தது. அவ்வாண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஃபோனோகிராப் என்னும் கருவியை அமைத்து, பேசிய பேச்சைப் பொறித்து வைத்து மீண்டும் கேட்க வழி கண்டார். இந்தியாவில் 1902ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் இசைத்தட்டில் பதிவாயின. 1913ஆம் ஆண்டு முதல் 1929ஆம் ஆண்டு வரையில், இந்திய மொழி ஆய்வுப் பணியையொட்டி, பல பகுதிகளின் பேச்சும் பாட்டும் கிராமபோன் தட்டுகளில் சேகரிக்கப்பட்டன.

அந்நாளில் ஒலிப்பதிவு என்பது கனத்த இயந்திரங்களும் தேர்ந்த நிபுணர்களும் இன்றி நடைபெறாத காரியம். இன்றோ ஒரு சாதாரணக் கணினியும், ஓர் ஒலிவாங்கியும், அமைதியான ஓர் அறையும் இருந்தால், கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டிலேயே நல்ல ஒலிப்பதிவைச் செய்துவிடலாம். ஆயினும் வசதி பெருகிய அளவுக்குக் குழப்பமும் பெருகியிருக்கிறது. கணினியில் இசைப் பணி தொடங்க விரும்புவோர் முதலில் எழுப்பும் வினா இது: ஒலிப்பதிவு மென்பொருளைப் பெறுவதா, அல்லது சிந்தசைசர் மென்பொருளைப் பெறுவதா?

இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டால் இரு வகை நஷ்டம் நேரும். ஒன்று பொருள் நஷ்டம். பள்ளிக்கோ நிலையத்துக்கோ கிடைத்த சிறு தொகை தேவையற்ற ஒன்றில் முடங்கிவிடும். மற்றொன்று அதனினும் பெரிது. நாற்று நடும் பாட்டுகளை அறிந்த மூதாட்டி ஒருவரின் குரலைப் பதிவு செய்ய வேண்டிய காலத்தில், அதற்கு உதவாத சாதனத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலம் கடத்த நேரிடும். இழந்த பொருளை மீண்டும் ஈட்டலாம். மறைந்த குரலை மீண்டும் பெற இயலாது. ஆகவே இவ்விரு மென்பொருள்களும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

இரண்டின் தொழிலும் வேறு

ஒலிப்பதிவு மென்பொருள் ஏடும் எழுத்தாணியும் போன்றது. வெளியே எழும் ஒலியை அது வாங்கி, எழுதி வைத்து, வேண்டும்போது படித்துக் காட்டுகிறது. எழுதியதில் பிழையை நீக்கலாம். இரு பகுதிகளை ஒன்றுசேர்க்கலாம். ஒரு தடத்தில் குரலும், மற்றொரு தடத்தில் புல்லாங்குழலும், வேறொன்றில் தாளமுமாகப் பல தடங்களை அடுக்கி, அவற்றின் அளவுகளைச் சமன் செய்யலாம். ஆனால் அது தானாக ஓர் ஒலியையும் பிறப்பிப்பதில்லை.

சிந்தசைசர் மென்பொருள் வீணையும் ஆர்மோனியமும் போன்றது. அது ஓர் இசைக்கருவி. விசையை அழுத்தினால் அல்லது கட்டளை கொடுத்தால் கணக்கின் வழியே ஒலியைப் பிறப்பிக்கும். ஆனால் எதிரில் அமர்ந்து பாடுபவரின் குரலை அது எழுதி வைக்காது.

ஆகவே 'இதுவா அதுவா' என்று கேட்பது, 'ஏட்டை வாங்குவதா, வீணையை வாங்குவதா' என்று கேட்பதை ஒக்கும். ஒருவர் செய்யவிருக்கும் காரியம் யாது என்பதைக் கொண்டே விடை கூற முடியும். மேலும், பல தடப் பதிவு மென்பொருள்கள் பலவற்றுள் சிந்தசைசர்களைத் துணைப் பகுதியாக இணைத்து இயக்கும் வசதி உண்டு. 1996ஆம் ஆண்டில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்னும் இணைப்பு முறையை வெளியிட்டது. 1999ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் வடிவம் இசைக்கருவிகளையும் அவ்வாறு இணைக்க வழி செய்தது. அன்று முதல் ஏட்டுக்குள்ளேயே வீணையை வைக்கும் நிலை ஏற்பட்டுவிட்டது எனலாம்.

ஒலி எண்ணாக மாறும் விதம்

ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் அலைவு. ஒலிவாங்கி அவ்வலைவை மின்னோட்ட அலைவாக மாற்றுகிறது. கணினிக்கு அலைவு புரியாது, எண்களே புரியும். ஆகவே மின்னலைவின் அளவை ஒரு விநாடியில் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவிடுகிறார்கள். இவ்வாறு எடுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் 'மாதிரி' என்று பெயர்.

எத்தனை மாதிரிகள் வேண்டும்? பதிய விரும்பும் ஒலியின் மிகுந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேற்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையில் கேட்கவல்லது. ஆதலின் இசைக் குறுந்தட்டுக்கு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என வகுத்தனர். திரைப்படத்துக்கும் காணொளிக்கும் 48,000 மாதிரிகள் வழக்கில் உள்ளன.

ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை நுட்பமாக எழுதுவது என்பது அடுத்த வினா. 16 பிட் எண்ணில் 65,536 படிகள் உண்டு. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் வீச்சைத் தருவதால், 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி அமைகிறது. 24 பிட் பதிவில் இவ்விடைவெளி கணக்கின்படி 144 டெசிபல் ஆகும். இதன் பயன் யாதெனில், பதிவின் அளவைச் சற்றுத் தாழ்த்தியே வைத்துக்கொண்டாலும் மெல்லிய ஒலிகள் கெடுவதில்லை. உணர்ச்சி மேலீட்டால் திடீரெனக் குரலை உயர்த்தும் நாட்டுப்புறப் பாடகரைப் பதிவு செய்யும்போது இது பெரிய பாதுகாப்பு.

சேமிப்பிடத்தைக் கணக்கிடுவதும் எளிது. விநாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட். ஆக ஒரு தடத்துக்கு விநாடிக்கு 1,44,000 பைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 52 கோடி பைட், அதாவது ஏறத்தாழ 520 மெகாபைட் தேவைப்படும். எட்டுத் தடங்களாயின் 4 கிகாபைட்டுக்குச் சற்று மேலாகும். இன்றைய கணினிகளுக்கு இது பாரமன்று.

சிந்தசைசர் ஒலியை ஆக்கும் விதம்

கணினியே இசையொலியை ஆக்க முடியும் என்பதை 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் செய்து காட்டினார். ஐ.பி.எம். 704 என்னும் கணினி அவருடைய நிரலைக் கொண்டு 17 விநாடி நீளமுள்ள ஓர் இசைத் துணுக்கை ஒலித்தது. இன்றைய சிந்தசைசர் மென்பொருள்கள் அனைத்தும் அம்முயற்சியின் வழிவந்தவையே. அவை ஒலியை ஆக்கும் முறைகளுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது, கழித்து ஆக்கும் முறை. மேற்சுரங்கள் நிறைந்த ஓர் ஒலியை எடுத்துக்கொண்டு, வடிகட்டியால் வேண்டாதவற்றைக் குறைப்பது. சிற்பி கல்லைச் செதுக்குவதற்கு இதனை ஒப்பிடலாம். 1964ஆம் ஆண்டில் ராபர்ட் மூக் அமைக்கத் தொடங்கிய மின்னணுக் கருவிகள் இம்முறையைப் பரப்பின.

இரண்டாவது, அதிர்வெண் பண்பேற்ற முறை. ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை விரைவாக அசைத்தால் புதிய மேற்சுரங்கள் பல தோன்றும். 1967ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் இதனைக் கண்டறிந்தார். 1983ஆம் ஆண்டில் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ். 7 என்னும் கருவி இம்முறையில் அமைந்ததே.

மூன்றாவது, மாதிரிப் பதிவு முறை. உண்மையான இசைக்கருவியின் சுரங்களைத் தனித்தனியே பதிவு செய்து வைத்துக்கொண்டு, விசைக்கு ஏற்ப ஒலிப்பது. இது இயற்கையோடு மிகவும் ஒத்திருக்கும்; ஆனால் கணினியின் நினைவகத்தில் பெருமளவு இடம் கொள்ளும்.

நான்காவது, பௌதிக அமைப்பைக் கணக்கிடும் முறை. மீட்டிய தந்தி எவ்வாறு அதிர்ந்து ஓய்கிறதோ அதனையே எண்களில் நடத்திக் காட்டுவது. 1983ஆம் ஆண்டில் கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் இருவரும் வெளியிட்ட முறை வியப்பூட்டும் எளிமை உடையது. ஒழுங்கற்ற எண் வரிசை ஒன்றை வளையம்போல் சுழலவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரு எண்களின் சராசரியை எடுத்துக்கொண்டே வந்தால், மீட்டிய தந்தியின் நாதம் பிறந்து மெல்ல ஓய்கிறது. மேனிலைப் பள்ளி மாணவர்கள் தாங்களே நிரல் எழுதிப் பார்க்கத் தக்க சோதனை இது.

மிடி என்பது ஒலி அன்று

சிந்தசைசருக்குக் கட்டளை கொடுக்கும் மொழிக்கு மிடி என்று பெயர். 1983ஆம் ஆண்டு ஜனவரியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு சிந்தசைசர்களை இணைத்து இம்முறையை முதன்முதலாகப் பொதுக் காட்சியில் செய்து காட்டினர். ஒரு சுரத்தைத் தொடங்குவதற்கான மிடிக் கட்டளை மூன்று பைட் மட்டுமே. எந்த வழி, எந்தச் சுரம், எத்தனை வலிமையுடன் என்பதே அதன் பொருள். சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சுரத்தின் எண் 69.

இங்குப் பலரும் ஒரு தவறு செய்கின்றனர். மிடிக் கோப்பில் பாட்டு 'இருக்கிறது' என எண்ணி, அதனை மட்டும் வேறோர் ஊருக்கு அனுப்புகின்றனர். அங்கே திறந்து கேட்டால், புல்லாங்குழலுக்குப் பதில் வேறொரு கருவி ஒலிக்கும். குரலோ அடியோடு இராது. மிடிக் கோப்பு சமையல் குறிப்பைப் போன்றது, உணவு அன்று. சமைக்கும் வீட்டுக்கு ஏற்பச் சுவை மாறும். பிறருக்கு அனுப்ப வேண்டியது, இறுதியில் ஒலியாகவே எழுதப்பட்ட வேவ் கோப்பாகும். ஆனால் திருத்தம் செய்வதற்கு மிடியே வசதி. ஒரு சுரத்தை மாற்றுவதும், பாட்டை மெதுவாக்குவதும், சுருதியை ஏற்றி இறக்குவதும் ஒலிக்குச் சேதமின்றி நடைபெறும்.

இந்திய இசையில் எழும் இடர்கள்

சிந்தசைசர் மென்பொருள்கள் பெரும்பாலும் மேலை நாட்டு விசைப்பலகையை ஒட்டி அமைந்தவை. அதில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அடுத்தடுத்த இரு சுரங்களின் விகிதம் 1.0595. இந்த ஏற்பாட்டில் பஞ்சமம் ஏறத்தாழச் சரியாகவே அமைகிறது. அந்தர காந்தாரமோ அவ்வாறன்று. ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், தம்பூராவின் நாதத்தோடு இழையும் காந்தாரம் 5/4 விகிதத்தில் 300 ஹெர்ட்ஸ் ஆகும். விசைப்பலகையின் காந்தாரமோ சுமார் 302.4 ஹெர்ட்ஸ். வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விம்மல்கள் தெளிவாகக் கேட்கும். பழகிய செவி இதனை உடனே உணரும். வகுப்பில் தம்பூராவின் ஒலியோடு விசைப்பலகையின் காந்தாரத்தைச் சேர்த்து ஒலித்துக் காட்டினால், மாணவர் தாமே அறிவர்.

கமகம் இரண்டாவது இடர். இந்தியப் பாடகர் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்கிறார். விசைப்பலகை படிகளில் ஏறுகிறது. மிடி முறையில் சுருதியை வளைக்க 16,384 நுண்படிகள் கொண்ட ஒரு கட்டளை உண்டு. அதனைக் கொண்டு கமகத்தை ஓரளவு ஆக்கலாம். ஆயின் அக்கட்டளை ஒரு வழியில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும். ஆகவே ஆதார சுருதியை ஒரு வழியிலும், பாட்டின் சுரத்தைப் பிறிதொரு வழியிலும் வைத்துக்கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டில் வெளியான மிடியின் இரண்டாம் வடிவம் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடமளிக்கிறது.

தோற்கருவிகளில் மூன்றாவது இடர் எழுகிறது. சாதாரணத் தோற்சவ்வு அதிரும்போது அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அதனாலேயே அதன் ஒலி ஓசையாக மட்டும் கேட்கிறது. மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே பூசப்படும் கரிய சாந்து இந்நிலையை மாற்றி, மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்னும் முழு மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது. இதனை சர் சி. வி. ராமன் 1920ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டி, 1934ஆம் ஆண்டில் மேலும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். இந்த நுட்பத்தைக் கருதாமல் அமைத்த செயற்கை முழவொலி, மிருதங்கத்தின் இடத்தை நிரப்ப இயலாது. உண்மையான மிருதங்கத்திலிருந்து பதிவு செய்த மாதிரிகள் கிடைத்தால் ஓரளவு தேவலை. அருகில் மிருதங்கம் வாசிப்பவர் இருந்தால், அவரையே அழைத்துப் பதிவு செய்வது எல்லாவற்றினும் மேல்.

காலத் தாமதம்

சிந்தசைசரை நாடுவோர் அறிய வேண்டிய மற்றொன்று தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாகக் கையாளாமல், கட்டுக்கட்டாகவே கையாளுகிறது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்னும் வேகத்தில், 256 மாதிரிகள் கொண்ட கட்டு ஒன்று நிறைய 5.3 மில்லிவிநாடி பிடிக்கும். 1,024 மாதிரிகள் கொண்ட கட்டுக்கு 21.3 மில்லிவிநாடி பிடிக்கும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், 21 மில்லிவிநாடித் தாமதம் என்பது ஏழு மீட்டர் தூரத்தில் நின்று வாசிப்பதற்குச் சமம். விரைவான தாளத்தில் வாசிப்பவர் இதனால் தடுமாறுவார்.

எனவே சிந்தசைசரை நேரடியாக வாசிக்கச் சிறு கட்டுகள் வேண்டும். சிறு கட்டுகளை இடைவிடாது நிரப்ப வேகமான கணினி வேண்டும். பாடுபவரின் குரலை மட்டும் பதிவு செய்யும்போது இத்தொல்லை இல்லை. அவர் தம் குரலைத் தாமே காற்றில் கேட்டுக்கொள்கிறார். பெரிய கட்டுகளை வைத்துக்கொண்டாலும் பதிவு சிறிதும் கெடாது. பழைய, வேகம் குறைந்த கணினியை உடையவர்களுக்கு இது முக்கியமான செய்தி. சிந்தசைசருக்குப் போதாத கணினியும் ஒலிப்பதிவுக்குப் போதுமானதாக இருக்கும்.

தேர்ந்தெடுக்கும் முறை

செய்ய வேண்டிய பணியைக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் நிலை: உள்ளதை உள்ளவாறே பதிவு செய்தல். ராஜஸ்தானத்து மாங்கணியார் கலைஞரின் கமாய்ச்சா, வங்கத்துப் பாவுல் பாடகரின் ஏக்தாரா, ஏதோ ஒரு சிற்றூர் மூதாட்டியின் தாலாட்டு ஆகியவற்றைச் சேகரிக்கும் களப்பணியாளருக்குத் தேவை ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றே. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி இதற்குப் போதும். அதற்கு விலை இல்லை. இத்தகைய பதிவில் சிந்தசைசரின் தாளத்தையோ சுருதியையோ பாடுபவர் மேல் சுமத்துதல் கூடாது. அவர் பாட்டின் நடுவே வேகத்தைக் கூட்டுவதும், சுருதி சற்றே ஏறுவதும் அம்மரபின் இயல்பாகவே இருக்கலாம். அவற்றைத் 'திருத்தினால்' ஆய்வாளருக்குக் கிடைக்க வேண்டிய செய்தி அழிந்துவிடும்.

இரண்டாம் நிலை: பாட்டுக்குத் துணை இசை அமைத்தல். இருபது குழந்தைப் பாட்டுகளை மாணவர் குழுவைக் கொண்டு பாடுவித்து, பிற பள்ளிகளுக்கும் அனுப்ப விரும்பும் ஆசிரியருக்கு வாத்தியக்காரர் கிடைக்காமற்போகலாம். அவருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. சிந்தசைசர்களை உள்ளே இயக்கவல்ல பல தடப் பதிவு மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆர்டோர் என்னும் திறந்த மூல மென்பொருளும், ரீப்பர் என்னும் விலை குறைந்த மென்பொருளும் இவ்வகையின. ஆப்பிள் கணினி உடையோர்க்கு 2004ஆம் ஆண்டில் வெளியான கராஜ்பேண்ட் உண்டு. அவற்றில் இணைப்பதற்கு சர்ஜ் போன்ற சிந்தசைசர்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

மூன்றாம் நிலை: ஒலிவாங்கியே இன்றி இசை அமைத்தல். கல்விப் படத்துக்கு முகப்பிசை, வகுப்பில் ஒலியியல் சோதனை, தாளப் பயிற்சிக்கான துணை ஒலி ஆகியவற்றுக்குச் சிந்தசைசரும், கட்டளைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளும் போதும். எல்.எம்.எம்.எஸ். என்னும் திறந்த மூல மென்பொருள் இதற்கென்றே ஏற்பட்டது. ஆயின் குரலைப் பதிவு செய்வதற்கு இதனை நம்புதல் தகாது; அது அதன் தொழில் அன்று.

எந்த நிலை தமக்குரியது என்று துணிய முடியாதோர் ஒரு விதியைக் கைக்கொள்ளலாம். மீண்டும் ஆக்க முடியாததை முதலில் காப்பாற்ற வேண்டும். சிந்தசைசரின் ஒலியை நாளையும் ஆக்கலாம். அடுத்த ஆண்டிலும் ஆக்கலாம். முதியவர் குரலும், இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகளின் குரலும் அவ்வாறு காத்திருப்பன அல்ல. ஆகவே ஐயம் எழுமிடத்தில் ஒலிப்பதிவு மென்பொருளே முதலிடம் பெறுகிறது. குரலைத் தூய்மையாகத் தனித் தடத்தில் பதிந்து வைத்துவிட்டால், துணை இசையைப் பின்னர் எப்பொழுது வேண்டுமாயினும் சேர்த்துக்கொள்ளலாம்.

செலவின் வரிசை

மென்பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போர் மறந்துவிடுவது ஒன்றுண்டு. பதிவின் தரத்தை முதலில் நிர்ணயிப்பது அறை. அடுத்தது ஒலிவாங்கியும் அதன் இடமும். அதற்கும் பின்னரே மென்பொருள். விலையுயர்ந்த மென்பொருளும் எதிரொலி நிறைந்த அறையில் எடுத்த பதிவைச் சீராக்கிவிடாது.

ஆதலின் கைப்பொருளை முதலில் ஒரு நல்ல ஒலிவாங்கிக்கும், அடுத்து அதனைக் கணினியோடு இணைக்கும் ஒலிப் பெட்டிக்கும், பின்னர் காதை மூடும் ஹெட்போனுக்கும், அதன்பின் மற்றொரு சேமிப்புத் தட்டுக்கும் செலவிடுவது முறை. கண்டென்சர் வகை ஒலிவாங்கிகளுட் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் ஒலிப் பெட்டியிலிருந்து வர வேண்டும். அவ்வசதி பெட்டியில் உண்டா என்பதை முன்னரே பார்த்துக்கொள்வது நலம். சிந்தசைசரை வாசிக்க விரும்புவோர் இவற்றுக்குப் பின்னரே சிறு மிடி விசைப்பலகை ஒன்றைப் பெறலாம்.

பதிவின்போது கவனிக்க வேண்டியவை

அறையில் கனத்த துணிகள், மெத்தை, புத்தக அலமாரி முதலியவை இருப்பது எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பாடுபவர் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே சுமார் ஒரு சாண் தூரம் போதும். தூரம் இரு மடங்கானால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அவ்வளவே இருக்கும். அதனால்தான் தூரத்தில் வைத்த ஒலிவாங்கியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.

பதிவின் அளவுகாட்டியில் மிக உரத்த இடமும் மேல் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு அமைப்பது நல்லது. எல்லையை மீறிய அலையின் உச்சி வெட்டுண்டு போகும். வெட்டுண்ட உச்சியைப் பின்னர் முழுமையாக மீட்க முடியாது. துணை இசையோடு பாடும்போது அது ஹெட்போனில் மட்டும் கேட்க வேண்டும். அறையில் ஒலிபெருக்கி வழியே ஒலித்தால் குரல் தடத்திலும் புகுந்து, பின்னர்ப் பிரிக்க இயலாததாகிவிடும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்த பின்னரே முழுப் பதிவைத் தொடங்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

பாதுகாப்பும் உரிமையும்

மூலப் பதிவை வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எம்.பி.3 கோப்பு அளவில் சிறியதாவது, செவி எளிதில் உணராத பகுதிகளை நீக்குவதனால்தான்; நீக்கியது திரும்ப வராது. பிறருக்கு அனுப்ப அது உதவும், பாதுகாப்புக்கு உதவாது. ஒவ்வொரு பதிவுக்கும் இரு பிரதிகள் எடுத்து, வெவ்வேறு இடங்களில் வைப்பது இன்றியமையாதது. பாடியவர் பெயர், ஊர், நாள், பாட்டு பாடப்படும் சந்தர்ப்பம் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் வாய்மொழியாகவே சொல்லிப் பதிந்துவிட்டால், குறிப்புத்தாள் தொலைந்தாலும் செய்தி தொலையாது.

பாடுபவருக்கும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டு செய்த திருத்தம், கலைஞர்களுக்குத் தம் நிகழ்ச்சியின் மீதுள்ள உரிமையை வகுத்துரைத்தது. ஆகவே பதிவு எதற்காக என்பதை அவருக்கு விளக்கி, இசைவு பெற்று, முடிந்தபின் ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்கும் அளிப்பது முறை. சிந்தசைசரின் மாதிரி ஒலித் தொகுப்புகளுக்கும் உரிம நிபந்தனைகள் உண்டு. வெளியிடுமுன் அவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சிந்தசைசர் மனிதனின் கற்பனைக்குப் புதிய கருவிகளைத் தந்துள்ளது. ஒலிப்பதிவு மென்பொருள் அவன் நினைவுக்குப் புதிய ஏடுகளைத் தந்துள்ளது. இரண்டும் வேண்டியவையே. ஆயினும் ஊரில் பாட்டு அறிந்தவர் ஒருவர் இன்னும் பாடிக்கொண்டிருக்கும்வரை, ஆசிரியரும் களப்பணியாளரும் முதலில் கையிலெடுக்க வேண்டியது ஏடுதான்.